சும்மா இருப்பவரும் விட்டுப் போகிறவளும்

கடலூரில் கல்யாணக் கூட்டம் கலைந்த முதல் நாள் மதியம் லிம்முக்கு மீன் கிடைக்கவில்லை.

மஞ்சக்குப்பத்தில் சம்பந்தி வீட்டில் இலை போட்டு எங்களை உட்கார வைத்திருந்தார்கள். சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், ரசம், அப்பளம், பாயசம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பக்கத்து வீட்டில் யாரோ மீன் குழம்பு கொதிக்க வைத்திருந்தார்கள். அந்த வாசனை ஜன்னல் வழியாக வந்தபோதெல்லாம் லிம் சாப்பிடுவதை நிறுத்தித் தலையைத் திருப்பினார். கடற்கரை ஊருக்குப் போகிறோம், காலை மதியம் இரவு மூன்று வேளையும் மீன்தான் என்று விமானத்தில் சொல்லிக்கொண்டு வந்தவர் அவர்.

மாப்பிள்ளையின் அம்மா செல்வி அதைக் கவனித்துவிட்டார்.

"மீன் வாங்கலாம்னுதான் இருந்தேன் அக்கா. என் தம்பிதான் வாணாம்னுட்டான். அவுங்க புத்த மதம், உசுரக் கொன்னு சாப்பிட மாட்டாங்க, வீட்டுல வாசனையே வரக்கூடாதுன்னு சொன்னான். அதான் கல்யாணம் முடிஞ்சதுலேர்ந்து நாங்களும் தொடல."

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் லிம்மின் மனைவி சியூ லான் வாய்விட்டுச் சிரித்தாள். "நான்தான் புத்த மதம், நான்தான் சைவம். இவர் புத்த மதமே இல்லை. தாவோ. கடலில் நீந்துவது எல்லாவற்றையும் சாப்பிடுவார்."

"தாவோவா? அது இன்னா சாமி?" என்றார் செல்வி.

அந்தக் கேள்விக்கு அந்த இலையின் முன்னால் உட்கார்ந்து என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "வழி" என்று அர்த்தம் என்றேன். "எங்க போற வழி?" என்று கேட்டார். பாயசத்தைக் குடித்துவிட்டுப் பேசுவோம் என்று தப்பித்தேன்.

நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். லிம்மும் சியூ லானும் எனக்கு அடுத்த கதவு. எங்கள் பிள்ளைகள் ஒரே நடைக்கூடத்தில் சைக்கிள் ஓட்டி வளர்ந்தவர்கள். அவர்கள் மகள் ஹுய் மின், கூட வேலை பார்த்த கடலூர்ப் பையன் சரவணனைக் கட்டிக்கொண்டாள். பதிவுத் திருமணம் அங்கே, தாலி கட்டியது இங்கே. மணமக்கள் திட்டக்குடிப் பக்கம் உறவுக்காரர் வீடுகளுக்கு விருந்துக்குப் போய்விட, பெண்ணின் பெற்றோருக்குத் துணையாகவும் வாயாகவும் நான். அவர்கள் பேசுவது ஹொக்கியன் சீனமும் ஆங்கிலமும். செல்விக்குத் தமிழ் மட்டும். கணவர் இறந்த பிறகு தையல் வேலை செய்து ஒரே மகனைப் படிக்க வைத்தவர். பேச்சில் சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

அன்று மாலை தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனோம். செல்வியின் தம்பி ஞானசேகரன் சிதம்பரத்திலிருந்து வந்து சேர்ந்துகொண்டார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அண்ணாமலை நகரில் வீடு. எதையாவது படித்துக்கொண்டே இருப்பவர் என்று செல்வி சொன்னார். வந்ததும் லிம்மின் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், ஒரு டவுட்டு. புத்தரும் தாவோவும் ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில், "இல்லை" என்றார்கள். அந்த நாள் முழுவதும் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு சொல்லில்தான்.

சேகரன் கேட்டதில் தப்பு இல்லை. சிங்கப்பூரில் எங்கள் பேட்டைக் கோயிலில் தாவோ தெய்வங்களுக்கு நடுவில் பௌத்தர்களின் கருணைத் தாய் நிற்கிறாள். கும்பிட வருகிறவர்கள் யார் எந்தப் பக்கம் என்று பார்ப்பதில்லை. ஒரே ஊதுபத்திக் கட்டு, ஒரே ஆரஞ்சுப் பழம். பல காலம் நானும் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன்.

லிம் சுண்டலை மென்றபடி ஒரு பழங்கதையை எடுத்துவிட்டார். தாவோவின் ஆதி குரு வயதான காலத்தில் நாட்டு நிலைமை பிடிக்காமல் எருமை மீது ஏறி மேற்கே போய்விட்டாராம். போனவர் இந்தியாவுக்கு வந்து புத்தருக்குப் பாடம் சொன்னாராம்.

"எருமைலயா?" செல்வி முகம் சுளித்தார். "எருமைல வர்றது எமன்தானேக்கா?"

சேகரனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சியூ லானுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அது பிற்காலத்தில் போட்டிக்காகக் கட்டிவிட்ட கதை என்றாள். உண்மையில் நடந்தது வேறு என்று அவள் பௌத்த வகுப்பில் படித்ததைச் சொன்னாள். பௌத்த நூல்கள் சீனத்துக்குப் போனபோது அவற்றைச் சொல்லச் சீனத்தில் சொல் இல்லை. மொழிபெயர்த்தவர்கள் கைக்கு எட்டிய தாவோ சொற்களை எடுத்துப் போட்டார்கள். நிர்வாணம் என்ற விடுதலை நிலைக்கே சில காலம், 'செயலற்றிருத்தல்' என்ற தாவோ சொல்லைத்தான் வைத்திருந்தார்களாம். படித்தவர்கள் இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டார்கள். குழப்பத்தைப் பிரித்தெடுக்கப் பல தலைமுறை ஆயிற்று.

எனக்கு அந்த மொழிபெயர்ப்பாளர்கள் மேல் பரிதாபம் வந்தது. மதியம் நானும் அதைத்தானே செய்தேன்.

சேகரன் விடவில்லை. "எங்க பள்ளிக்கூடத்துல ஒரே வரிதாங்க. ஆசையே துன்பத்துக்குக் காரணம். பரிட்சைல மார்க்கும் வாங்கிட்டேன். ஆனா ஆசையே இல்லன்னா மனுசன் எப்படிங்க காலைல எழுந்திரிப்பான்?"

"எனக்கும் அந்தப் பயம் இருந்துச்சு," என்றார் செல்வி. "ஆசையே படக் கூடாதுங்கற வீட்டுல பொண்ணு எடுக்கறோமே, பேரப் புள்ள வரணும்னு நெனக்குமா அந்தப் பொண்ணுன்னு."

சியூ லான் பொறுமையாகப் பதில் சொன்னாள். புத்தர் சொன்னது ஆசை இல்லை, தாகம். பசித்தால் சாப்பிட ஆசைப்படுவதில் துன்பம் இல்லை. கடல் தண்ணீரைக் குடித்தவனுக்குத் தாகம் கூடிக்கொண்டே போகும், அந்த மாதிரித் தாகத்தைத்தான் சொன்னார். பிள்ளை பிறக்க வேண்டும் என்று விரும்பலாம். பிறந்த பிள்ளை எப்போதும் என் பிடியிலேயே இருக்க வேண்டும் என்று நினைப்பதுதான் உப்புத் தண்ணீர்.

செல்வி கடலைப் பார்த்தார். சிங்கப்பூருக்கே போய்விட்ட மகனை நினைத்திருக்கலாம்.

திரும்பும்போது ஆண்கள் முன்னால் நடந்தார்கள். சியூ லான் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "உன்னிடம் சொல்ல வேண்டும், மாலா. ஊருக்குத் திரும்பியதும் மடத்தில் சேரப் போகிறேன். சில நாளைக்கு இல்லை. தலையை மழித்துக்கொண்டு, முழுவதுமாக."

மகள் கல்யாணத்துக்காகவே இத்தனை வருடம் காத்திருந்தாளாம். திருமணமானவள் துறவு பூண வேண்டுமென்றால் கணவன் சம்மதம் வேண்டும். இங்கே கிளம்புவதற்கு முன் கேட்டாளாம்.

"என்ன சொன்னார்?"

"'சரி' என்றார். டீ வேண்டுமா என்று கேட்டால் சொல்வாரே, அதே 'சரி'. அப்புறம் தொலைக்காட்சி பார்த்தார்." அவள் குரல் கெட்டிப்பட்டது. "இதுதான் அவருடைய தாவோ. எது வந்தாலும் வரட்டும், எது போனாலும் போகட்டும். கூட வாழ்ந்தவளும் அதில் ஒன்று."

அவள் அழவில்லை. நான்தான் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த கதவு இனி பூட்டிக் கிடக்கும் என்ற சொந்த நினைப்புதான் எனக்கு முதலில் வந்தது.

மறுநாள் காலையில் செல்வி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். லிம் அடுப்புக்கு முன்னால் நின்று பருப்பையும் குக்கரையும் மாறி மாறிச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார். அவர் அடுப்பைப் பற்ற வைத்து நான் பார்த்ததே இல்லை.

"சாம்பார் கத்துக்கணுமாம் போலருக்கு அக்கா. நேத்து அதத் தொடக்கூட இல்லையே மனுசன்."

லிம் தணிந்த குரலில் சொன்னார். "மடத்துக்கு வீட்டு ஆட்கள் சமைத்து எடுத்துப் போகலாம். விசாரித்துவிட்டேன். வெங்காயம், பூண்டு கூடாது. அவளுக்கு நேற்றுச் சாப்பிட்ட சாம்பார் பிடித்திருந்தது. இரண்டாவது முறை வாங்கினாள்." பிறகு, "அவளிடம் சொல்லாதே," என்றார்.

நான் செல்விக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. எந்த மடம், யார் போகிறார்கள் என்று எல்லாவற்றையும். கரண்டியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர், "விரதத்துக்கு வெப்போமே, அந்த சாம்பார சொல்லித் தரேன். பெருங்காயம் கொஞ்சம் ஜாஸ்தி போடணும்," என்றார். லிம் துவரம் பருப்பைக் கழுவுவதை, ஆபரேஷன் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

சிதம்பரத்தில் சேகரன் வீட்டில் அன்று மதியச் சாப்பாடு. கார் வேண்டாம், பஸ்ஸில்தான் போக வேண்டும் என்று லிம் பிடிவாதம் பிடித்தார். சிங்கப்பூரில் பணிக்காலம் முழுக்க பஸ் ஓட்டியவர் அவர். டிரைவருக்குப் பின் இருக்கையைப் பிடித்து உட்கார்ந்து, கியர் மாற்றுவதையும் ஹாரன் அடிப்பதையும் ஒரு கச்சேரி ரசிகனைப் போலத் தலையாட்டி ரசித்தார். "இவர் ஹாரனால்தான் ஓட்டுகிறார். ஸ்டியரிங் சும்மா துணைக்கு," என்று திரும்பிச் சொன்னார்.

ஆலப்பாக்கம் தாண்டி பஸ் இருமியது, முனகியது, நின்றது. எல்லோரும் இறங்கினோம். பாதிப் பேர் அடுத்து வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. எதிரே ஒரு டீக்கடை, ஒரு வேப்பமரம். செல்வி கடைக்காரரிடம் பெஞ்சு கேட்டு வாங்கி நிழலில் போட்டார். டிரைவரும் கண்டக்டரும் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லிம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார்.

"பார்த்தாயா?" என்றாள் சியூ லான். "அவருக்கு அந்த எஞ்சினைப் பற்றித் தெரியும். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்."

அது அவர் காதில் விழுந்துவிட்டது. வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். "அது அவர் பஸ். அதன் சத்தம் அவருக்குத்தான் தெரியும். கூப்பிட்டால் போவேன்."

"எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறீர்கள். நீங்கள் செய்வது சோம்பல். அதற்கு ஒரு பழைய புத்தகம் சாட்சி."

லிம் கொஞ்ச நேரம் டீயை ஊதிக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் சொல்வது போலச் சொன்னார். "மழையில் பஸ் சறுக்கும். புது டிரைவர் பயந்து பிரேக்கை அழுத்துவான். வண்டி சுழன்றுவிடும். தெரிந்தவன் காலை எடுப்பான். பின்னால் அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும்போது காலை எடுப்பது சும்மா இருப்பது இல்லை. அழுத்துவதைவிட அதுதான் கஷ்டம்."

"நான் சறுக்குகிற பஸ் இல்லை," என்றாள் சியூ லான்.

எனக்கு வாயைத் திறந்து சாம்பாரைச் சொல்லிவிடலாம் போல இருந்தது. வாக்குக் கொடுத்திருந்ததால் ஒரு மசால் வடையைக் கடித்துக்கொண்டேன். செல்விக்கு எங்கள் பேச்சு புரியவில்லை. ஆனால் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

வேறொரு பஸ் வந்து எங்களை நின்றபடியே சிதம்பரம் கொண்டுபோய்ச் சேர்த்தது. சேகரன் நிலையத்தில் காத்திருந்தார். நடை சாத்துவதற்குள் பார்த்துவிடலாம் என்று நேராகக் கோயிலுக்கு அழைத்துப் போனார்.

ஆடுகிற நடராஜரை இருவரும் வெகுநேரம் பார்த்தார்கள். பிறகு பக்கத்தில் திரை. தீட்சிதர் அதை விலக்கித் தீபம் காட்டினார். உள்ளே உருவம் எதுவும் இல்லை. பொன் வில்வ இலைச் சரங்கள் தொங்கின, அவ்வளவுதான். திரை மூடியது. கூட்டம் நகர்ந்தது.

"என்ன இருந்தது?" என்று கேட்டாள் சியூ லான்.

"ஆகாசம்," என்றார் சேகரன். "அதாங்க ரகசியம். ஒண்ணுமில்லன்னு ஜனங்க சொல்லிடுவாங்க. ஒண்ணுமில்லாதது இல்லீங்க அது."

லிம்மின் முகம் மலர்ந்தது. இது எங்கள் சங்கதி, என்றார். எல்லாம் பிறந்து வருவது அந்த வெறுமையிலிருந்து, அது ஒரு தாய், வற்றாத வயிறு. சியூ லான் தலையை ஆட்டினாள். பௌத்தம் சொல்லும் சூனியம் அது இல்லை. அதிலிருந்து எதுவும் பிறப்பதில்லை. எந்தப் பொருளும் தனியாக, தானாக நிற்பதில்லை, எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது, தனக்கென்று தனிச் சரக்கு எதிலும் இல்லை. அந்த இல்லாமைதான் சூனியம். ஒன்றுமே கிடையாது என்று கைவிரிப்பதும் இல்லை, எங்கோ ஒரு மூலம் இருக்கிறது என்று கும்பிடுவதும் இல்லை.

சேகரன் பிராகாரத்திலேயே நின்றுவிட்டார். "அப்ப மூணும் மூணு காலியா? நான் இத்தன வருசமா ஒண்ணுன்னு நெனச்சிக்கிட்டிருந்தேனே." ஏமாற்றமா சந்தோஷமா என்று சொல்ல முடியாத முகம். அவரிடம் எனக்குப் பிடித்தது, அவர் உடனே மூன்றையும் ஒட்டவைக்கப் பார்க்காததுதான்.

அண்ணாமலை நகர் வீட்டில் சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும். லிம்முக்காக வறுத்த வஞ்சிரம், தனித் தட்டில். சியூ லானுக்கு வாசனை இடைஞ்சல் இல்லையா என்று சேகரன் கேட்கச் சொன்னார். அவள் சிரித்தாள். பௌத்தத் துறவிகள் எல்லோரும் சைவம் இல்லையாம். சில நாடுகளில் பிச்சைப் பாத்திரத்தில் விழுந்ததைச் சாப்பிடுவார்களாம். சீன மடங்களில்தான் கண்டிப்பு.

மடம் என்ற சொல் வந்ததும் செல்வி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். நேராகச் சியூ லானைப் பார்த்துத் தமிழில் பேச ஆரம்பித்தார்.

"சம்பந்தி, காலைல ஒங்க வீட்டுக்காரரு எங்கிட்ட சாம்பார் கத்துக்கிட்டாரு. வெங்காயம் பூண்டு போடாதது. நீங்க போற எடத்துக்கு அவரே வெச்சு எடுத்தாரப் போறாராம். சொல்லக் கூடாதுன்னாரு. நான் சொல்றேன்." பிறகு என்னிடம், "சொல்லுக்கா," என்றார்.

லிம் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார். செல்வி சொன்னது புரியாமலே சியூ லானும் என்னைப் பார்த்தாள். மொழிபெயர்ப்பவளுக்குச் சும்மா இருக்கிற உரிமை கிடையாது. சொல்லிவிட்டேன்.

சியூ லான் மெதுவாகக் கணவனைப் பார்த்துத் திரும்பினாள். "நான் போவது உங்களுக்கு எப்படி இருக்கிறது?"

"மூச்சு முட்டுகிறது," என்றார் லிம்.

"ஏன் சொல்லவில்லை?"

"சொன்னால் நீ போக மாட்டாய்." மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். அந்த வேலையை முடிக்க வெகுநேரம் ஆயிற்று. "நீ எத்தனை வருடமாகக் காத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். எனக்கு நீ வேண்டும். நீ போ."

பிறகு சியூ லான் பேசினாள். அவள் குரலில் நேற்றுக் கடற்கரையில் கேட்ட கெட்டி இல்லை. "பற்றை விடு என்றால் அன்பை விடு என்று நினைத்துவிட்டீர்களா? வேண்டாதவர் என்று உங்களை விட்டுப் போகவில்லை. வேண்டாததை விட்டுப் போவதற்குப் பெயர் துறவு இல்லை, வீடு பெருக்குவது."

லிம் தலையாட்டினார். "வேண்டாதவன் ஆகிவிட்டேனோ என்றுதான் பயமாக இருந்தது," என்றார்.

செல்வி என் முழங்கையை இடித்தார். "இன்னா சொல்றாரு?"

"நீ வேணும், நீ போங்கறாரு."

"ரெண்டும் எப்படிக்கா ஒரே வாயில வரும்?" என்று கேட்டார் செல்வி. கேட்டுவிட்டு, தானே, "வரும் வரும்," என்றார். முன்பு விமான நிலையத்தில் மகனை ஏற்றிவிட்ட கதையை அதற்குப் பிறகுதான் சொன்னார்.

மாலையில் கடலூர் திரும்பும்போது இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். பரங்கிப்பேட்டைக் கூட்டுரோடு பக்கம் சியூ லான் ஏதோ கேட்க, லிம் ஹொக்கியனில் நீளமாகப் பதில் சொன்னார். காது கொடுத்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். நான் வயலைப் பார்த்தேன்.

இதை எழுதும் நேரத்தில் அவள் மடத்தில் இருக்கிறாள். முதலில் கொஞ்ச காலம் பழகிப் பார்க்க வேண்டும், பிறகுதான் தலை மழிப்பு. லிம் வாரம் ஒரு முறை தூக்குப் பாத்திரத்துடன் எங்கள் நடைக்கூடத்தைக் கடந்து போகிறார். முதல் முறை பெருங்காயம் கூடிப்போய்விட்டதாம், எல்லாத் துறவிகளும் தண்ணீர் குடித்தார்களாம். தாவோ கோயிலுக்குப் போவதையும் விடவில்லை. எது சரி என்று இருவரும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இருப்பதாக எனக்கு இப்போது தோன்றவில்லை.

கடலூரில் கடைசிக் காலையை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

கார் வந்து நின்றிருந்தது. மணமக்கள் திட்டக்குடியிலிருந்து திரும்பிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். செல்வி வாழை இலையில் சுற்றிய மல்லிகைச் சரத்தை என்னிடம் நீட்டினார். "சம்பந்திக்கு நீங்க வெச்சு வுடுங்கக்கா. நான் வெக்கக் கூடாது."

நான் தயங்கினேன். சியூ லானிடம் பூவைக் காட்டியதும் அவள், துறவிக்குப் பூ கிடையாது, இப்போதே பழகிக்கொள்ள வேண்டும் என்று மறுத்தாள். அதைச் செல்வியிடம் சொன்னேன்.

"எங்கிட்டேர்ந்து பூவ ஊரே சேந்து எடுத்துச்சு," என்றார் செல்வி. "அவுங்க தானா எடுக்கப் போறாங்க. எடுக்கற அன்னிக்கி எடுக்கட்டும். முடி இருக்கற வரைக்கும் இருக்கட்டுமே."

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். ஏன் ஊர் பூவை எடுத்தது, ஏன் தன் கையால் வைக்கக் கூடாது என்கிறார் என்பதையும் சேர்த்து.

சியூ லான் கேட்டு முடித்தாள். என் கையிலிருந்த சரத்தை வாங்கிச் செல்வியின் கையில் திரும்ப வைத்தாள். பிறகு அங்கே கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு, செல்விக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டாள்.